நிறுவனர் ஏறிய ட்ரைபாட்

சான்றுப் படத் துறையிடம் ஒரு ட்ரைபாட் இருந்தது. மரமும் இரும்பும் சேர்த்துச் செய்தது. அதை நிறுத்த இரண்டு ஆட்கள் வேண்டும், நகர்த்த ஒரு வண்டி வேண்டும், மடக்கக் கொஞ்சம் கெட்ட வார்த்தை வேண்டும். நிறுவனர் காலத்தில் வாங்கியது என்பதால் அதற்கு வயதாகிவிட்டது என்று துறையில் யாரும் சொல்வதில்லை. அனுபவம் கூடிவிட்டது என்பார்கள்.

அன்று அந்த ட்ரைபாட் மேட்டுக் குடியிருப்புக்கு ஏறும் படிச்சந்தில், ஒரு திருப்பத்தில், இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அதன் ஒரு கால் ஒரு வீட்டுக் கதவுக்குக் குறுக்கே நின்றது. உள்ளே இருந்த பெண் கதவை ஒரு கண் தெரியும் அளவுக்குத் திறந்து, "வேலைக்குப் போகணும்ங்க" என்றாள்.

"இதோ எடுத்துடறோம்மா" என்றார் படக்காரர். சாயங்காலம் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

படக்காரர் என்பது துறையில் அவருக்கு வழங்கிய பெயர். துறையில் வேலை பார்த்தவர்கள் ஏராளம். படம் எடுப்பவர் அவர் ஒருவர்தான்.

அவர் எடுக்க வந்தது ஒரு விரிசலை. மேட்டுக் குடியிருப்பின் உச்சியில் அரசாங்கம் கட்டிய ஒரு தடுப்புச் சுவர் உண்டு. அதற்குப் பின்னால் முழுக்க மண். முன்னால், சுவரின் நிழலிலேயே, ஒரு வரிசை வீடுகள். அதில் ஒன்றில் அவருடைய அக்காவும் அத்தானும் இருந்தார்கள். விரிசல் முதலில் தலைமுடி அளவுக்கு இருந்தது. பிறகு அதில் அக்காவின் விரல் நுழைந்தது. இப்போது கை நுழைகிறது.

வெளியேறும் உத்தரவு வந்தால் அந்த வரிசைக்கு வேறு இடத்தில் வீடு கிடைக்கும். உத்தரவு வருவதற்கு முன் கிளம்பினால் தாமாகவே வீட்டைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள், ஒன்றும் கிடைக்காது. உத்தரவு வர வேண்டுமானால் விரிசலுக்குச் சான்றுப் படம் வேண்டும். துறையின் கேமராவில், துறையின் ட்ரைபாடில் வைத்து எடுத்த படம் மட்டுமே சான்று. ஆகவே அத்தனை குடும்பங்களும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ட்ரைபாட் சந்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

அக்கா படியிறங்கி வந்து, அந்தப் பக்கத்திலிருந்து ட்ரைபாடின் கால்களுக்கு இடையே தலையை நீட்டினாள். "இதுக்கா இவ்வளவு நாள் காத்திருந்தோம்? உன் போன்ல எடுத்துட்டுப் போடா."

"கையில பிடிச்சு எடுத்தா செல்லாதுக்கா."

"ஏன்?"

"கை நடுங்கும்."

"உனக்கு நடுங்குதா?"

"எனக்கு நடுங்கல. பொதுவா மனுஷனுக்கு நடுங்கும்னு வச்சிருக்காங்க."

"அப்ப அந்தக் கேமராவை ஒரு கல்லு மேல வச்சு எடு."

"கல்லு துறையோடது இல்லக்கா."

அக்கா ட்ரைபாடின் காலை ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு, "தெருவுல பசங்க குச்சி மாதிரி ஒண்ணு வச்சிருக்குதுங்களே. அந்த மாதிரி சின்னதா உங்க ஆபீஸ்ல வாங்க மாட்டாங்களா?" என்றாள்.

"அது போனுக்கு. இந்தக் கேமராவை அதுல வச்சா குப்புற விழும்."

"விழாத மாதிரி ஒண்ணு இருக்காதா? நீயே தேடிப் பாரேன். உன் துறை தேடி எடுக்கறதுக்குள்ள சுவரே நடந்து வந்து படம் எடுத்துக்கும்."

துறையின் கேமரா தூங்குகிற குழந்தையின் கனம் இருக்கும். முன்பிருந்த தலைவர் ஒருவர், சான்று என்றால் கனம் இருக்க வேண்டும் என்று தேடி வாங்கியது. துறையின் ட்ரைபாடை அன்றிரவு ஒருவழியாகக் கீழே இறக்கிவிட்டு, மறுநாள் படக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்த ட்ரைபாட் குடை போல மடங்கியது, குடைக்கம்பி போலவே கால்களும் இருந்தன. கேமராவை வைத்ததும் அதன் தலை, தூக்கம் வந்தவர் தலை போல மெல்லத் தொங்கியது. அடுத்தது நல்ல உயரம். ஆனால் அந்த உயரம் கால்களில் இல்லை, நடுத்தண்டை இழுத்தால்தான் வந்தது. இழுத்து வைத்துப் பக்கத்தில் ஒருவர் நடந்தால் கேமரா தலையாட்டியது.

மூன்றாவதை எடுத்தபோது படக்காரர் பேச்சை நிறுத்திக்கொண்டார். கால்கள் தடியாக இருந்தன. ஒவ்வொரு காலும் நான்கே அடுக்காக நீண்டது. நடுத்தண்டு குட்டையாக, இழுக்க ஆசை வராத அளவுக்கு இருந்தது. அடியில் ஒரு கொக்கி, பையைத் தொங்கவிட்டால் இன்னும் உறுதியாக நிற்கும். மடக்கினால் தோள்பைக்குள் அடங்கியது. கேமராவை வைத்து, லென்சின் மூக்கை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். விரலை எடுத்ததும் மூக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

"இதுதான்" என்றார்.

"நீங்க கேட்டது இதைத்தான்னா முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்."

"பார்த்தாத்தானே தெரியும்."

கடைக்காரர், துறையில் காட்டிவிட்டு வரும்படி அதைக் கொடுத்தனுப்பினார். அவருக்குத் துறையைத் தெரியாது.

தலைவரின் அறையில், அவர் தலைக்கு மேலே, 'நடுக்கமற்றதே சான்று' என்று பெரிதாக எழுதியிருக்கும். நிறுவனர் சொன்னது. அதற்குக் கீழே ஒரு பலகையில் நிறுவனரின் வெண்கலத் தலை இருந்தது. அதற்குக் கீழே தலைவரின் தலை. மேசைமேல் படக்காரர் ட்ரைபாடை வைத்ததும் தலைவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

"என்ன இது, இவ்வளவு சின்னதா?"

"மடக்கியிருக்கு சார். விரிச்சா மார்பு உயரம் வரும். நம்ம கேமராவைத் தாங்கும், வச்சுப் பார்த்துட்டேன்."

"வச்சுப் பார்த்துட்டீங்களா?" தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "துறையோட கேமராவை, துறை ஏத்துக்காத கால் மேல? படக்காரரே, நீங்க தேர்ந்தெடுத்துட்டீங்க, சந்தோஷம். துறை இன்னும் தேர்ந்தெடுக்கலையே. நாளைக்கு இது ஆடிச்சுன்னா யாரைக் கேக்கறது? உங்களையா? நீங்க ஒரு ஆள். ஒரு ஆளைக் கேட்டா பதில் வந்துடும். அப்புறம் விசாரணை எதுக்கு?"

"சுவர் தாங்காது சார்."

"சுவர் என்ன அவசரப்படுதா? அவசரம் ஒரு நடுக்கம். நாம அதுக்கு எதிரான துறை."

குழு அமைக்கப்பட்டது. ட்ரைபாடுக்குக் கால் மூன்று என்பதால் உறுப்பினர் மூவர். ஆளுக்கொரு கால். மொத்த ட்ரைபாடையும் ஒரே அதிகாரி பார்த்தால் பொறுப்பு ஓரிடத்தில் குவிந்துவிடும் என்று தலைவர் விளக்கினார். எந்தக் கால் யாருடையது என்று குழம்பாதிருக்க ஒவ்வொரு காலிலும் ஒரு நிற நாடா கட்டினார்கள். அன்றிலிருந்து அவர்கள் துறைக்குள் முதற்கால் அதிகாரி, இரண்டாங்கால் அதிகாரி, மூன்றாங்கால் அதிகாரி என்றே அறியப்பட்டார்கள். அதில் அவர்களுக்குப் பெருமைதான். மூவரில் எவரும் அதுவரை கேமராவைத் தொட்டதில்லை. அந்தத் தகுதியை, பாரபட்சம் இல்லாமை என்று துறை குறித்துக்கொண்டது.

முதற்கால் அதிகாரி சிவப்பு நாடா கட்டிய காலை மட்டும் நீட்டினார். மற்ற இரண்டும் மடங்கியே இருந்ததால் ட்ரைபாட் சாய்ந்தது. "என் கால் நேரா இருக்கு" என்றார். "சாயறது மத்தவங்க கால். அதுல நான் தலையிட மாட்டேன்." ஒப்புதல் கொடுத்தார்.

இரண்டாங்கால் அதிகாரி தன் காலைத் தொடவேயில்லை. "முதற்கால் பெரியவர் அவரோட காலைச் சரின்னு சொல்லிட்டார். இதுவும் அதே கால்தான். இப்ப நான் என் காலைத் தப்புன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? ஒரே ஆபீஸ்ல முகத்தைப் பார்க்க வேணாமா?" என்று ஒப்புதல் கொடுத்தார்.

மூன்றாங்கால் அதிகாரி வெளியூரில் பயிற்சியில் இருந்தார். விரைந்து முடிவெடுப்பது எப்படி என்று பயிற்சி. அதை நீட்டித்துக்கொண்டே போனார்கள்.

படக்காரர் தினமும் தலைவரின் அறை வாசலில் நின்றார். பேசத் தெரியாதவர் அல்ல. பேசினால் அது ஒரு கோரிக்கையாகி, கோரிக்கைக்கு இன்னொரு குழு வந்துவிடும் என்று பயந்தார். ஒருநாள் தலைவரே கூப்பிட்டார்.

"ஏங்க, ரெண்டு காலுக்குத்தான் ஒப்புதல் வந்துடுச்சே. அதை எடுத்துட்டுப் போய் வேலையை ஆரம்பிங்களேன்."

"ரெண்டு கால்ல நிக்காது சார்."

"நானும் நீங்களும் நிக்கலையா?"

படக்காரர் கீழே குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

அக்கா போன் செய்தாள். பின்கதவு மூடவில்லை, நிலை கோணிவிட்டது, விரிசலிலிருந்து சேற்றுநீர் வடிகிறது என்றாள். "உங்க அத்தான் அதுல பழைய துணியை வச்சு அடைச்சிருக்கார். சுவரைப் பிடிச்சு நிறுத்திட்ட மாதிரி அவருக்கு ஒரு பெருமை. உன் சின்ன ஸ்டாண்டு என்னடா ஆச்சு?"

"ஒரு கால் பாக்கி இருக்குக்கா."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. வந்துடும்."

மூன்றாங்கால் அதிகாரி ஒருவழியாகத் திரும்பினார். பயிற்சியின் பலன் தெரிந்தது. வந்ததும் விரைந்து மறுத்தார். "கால் எல்லாம் சரிங்க. கனம் தாங்குமான்னு யார் பார்த்தது? சோதனை வேணும்."

"கேமராவை வச்சுப் பார்த்துடலாம் சார்" என்றார் படக்காரர்.

"ஒப்புதல் இல்லாத ட்ரைபாட் மேல கேமராவை எப்படி வைக்கறது?"

"அப்ப ஒப்புதல் கொடுத்துடுங்க."

"சோதிக்காம எப்படிக் கொடுக்கறது? சின்னப்பிள்ளை மாதிரி பேசறீங்களே."

மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் எதையும் யோசிக்கவில்லை என்பது படக்காரருக்குத் தெரிந்தது. அதுதான் அருவருப்பாக இருந்தது. கடைசியில் மூன்றாங்கால் அதிகாரியின் பார்வை மேலே போய், பலகையில் இருந்த வெண்கலத் தலையில் நின்றது. நிறுவனரும் கேமராவும் ஏறக்குறைய ஒரே கனம்தான் என்றார்.

நிறுவனரை இறக்கினார்கள். ட்ரைபாடை விரித்து அறை நடுவே நிறுத்தினார்கள். மூன்று அதிகாரிகளும் அவரவர் காலருகே மண்டியிட்டுப் பார்த்திருக்க, நிறுவனர் ஏற்றப்பட்டார். ட்ரைபாட் அசையவில்லை. முதற்கால் அதிகாரி தரையைக் குத்தினார். இரண்டாங்கால் அதிகாரி குதித்துப் பார்த்தார். நிறுவனர் நேராகப் பார்த்தபடி நின்றார். மற்றவர்களும் எழுந்து நின்றார்கள்.

"இந்த உயரத்துல அவரை நான் பார்த்ததே இல்ல" என்றார் தலைவர். "முகத்துக்கு முகம் பார்க்கற மாதிரி இருக்கு. நடுக்கமே இல்ல பாருங்க. ஒப்புதல்."

அக்காவிடம் இன்றைக்கே சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே, படக்காரர் நிறுவனரை இறக்கக் கை நீட்டினார்.

"எங்க கை வைக்கறீங்க?"

"ட்ரைபாடை எடுத்துக்கறேன் சார். சுவர்..."

"அதுக்காக அவரை இறக்குவீங்களா?" தலைவருக்கு முகம் கறுத்தது. "ஏத்தினது சோதனை. இறக்கறது அப்படி இல்லீங்க. இறக்கறது ஒரு முடிவு. இந்தத் துறையை உண்டாக்கினவரை இறக்கினாங்கன்னு என் காலத்துல பேர் வரணுமா?"

"பழையபடி பலகையில வச்சுடலாமே சார்."

"இவ்வளவு நல்ல இடத்துக்கு வந்தப்புறமா?" என்றார் இரண்டாங்கால் அதிகாரி.

நிறுவனர் அங்கேயே நின்றார். இரண்டொரு நாளில் ட்ரைபாடைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். பிறகு அறை போதவில்லை என்று கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். நான்கு பேர் சுமக்க, மூன்று அதிகாரிகள் காலுக்கொருவராகக் கூட நடந்தார்கள். ஊழியர்கள் கயிற்றின் பக்கமாகப் போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். படக்காரருக்கு இன்னொரு ட்ரைபாட் வாங்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. வாங்கலாம், ஆனால் நிறுவனருக்கு அமைந்த அதே மாதிரியை ஒரு கேமராவுக்கும் வாங்குவது தகுமா என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். கடைக்காரர் வந்து கயிற்றுக்கு வெளியே நின்று தன் ட்ரைபாடைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போனார்.

அக்கா மறுபடி கூப்பிட்டபோது அவள் குரலில் கிண்டல் இல்லை. "சுவர் வயிறு தள்ளுதுடா" என்றாள். "அத்தானும் இப்பல்லாம் பேசறதில்ல. உத்தரவு வரட்டும்னு எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்கோம். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கறதில்ல."

மதியச் சாப்பாட்டுக்குத் துறை கலைந்தது. படக்காரர் கயிற்றைத் தாண்டினார். நிறுவனரைத் திருகி எடுக்க வேண்டியிருந்தது. நழுவாதிருக்க ஒரு திருகாணி போட்டிருந்தார்கள். தன் கைத்துண்டை மடித்துத் தரையில் விரித்து, அதன்மேல் அவரை வைத்தார். நிறுவனரின் கண்கள் அவருடைய செருப்பைப் பார்த்தன. ட்ரைபாடை மடக்கித் தோள்பையில் போட்டுக்கொண்டு, கேமராவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

படிச்சந்தின் திருப்பத்தை அவர் ஒரே எட்டில் கடந்தார். அங்கே ஒரு கணம் நின்று, கடந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவுதானா என்று இருந்தது.

சுவருக்கு எதிரே ட்ரைபாடை விரித்தார். நாடாக்கள் இன்னும் கட்டியே இருந்தன. பையைக் கொக்கியில் மாட்டினார். நடுத்தண்டை இழுக்கவில்லை. படம் வந்தது. விரிசலின் ஓரத்தில் ஊர்ந்த எறும்பின் கால்கூடத் தெரிந்தது. அத்தான் அடைத்த துணியின் கட்டமும் தெரிந்தது. அதற்கு அப்பால் இருட்டு.

அந்த இருட்டைக் கேமராவின் திரையில் பார்த்துக்கொண்டே, படக்காரர் துறையில் சேர்ந்த பிறகு முதல் தடவையாகச் சான்றில்லாத ஒன்றைச் சொன்னார். "அக்கா, உத்தரவு வந்துடுச்சு. எல்லாரையும் கிளம்பச் சொல்லு."

அக்கா கையைத் துடைத்தபடி வந்தாள். "எங்க வந்துச்சு?"

"ஆபீசுக்கு."

அவள் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "நீ பொய் சொன்னா கண்ணைச் சிமிட்டுவ."

"இப்ப சிமிட்டினேனா?"

"இல்ல. சிமிட்டாம முழிக்கற. அதான் பயமா இருக்கு." திரும்பி வரிசையைப் பார்த்து, "உத்தரவு வந்துடுச்சாம், எல்லாரும் சாமானைக் கட்டுங்க" என்று அவளே குரல் கொடுத்தாள். அவள் சொன்னால் அந்த வரிசை நம்பும்.

மறுநாள் காலை விசாரணை. மேசைமேல் நிறுவனரின் படம் ஒன்று இருந்தது. தரையில், துண்டின்மேல் அவர் இருக்கும் காட்சி. தலைவரே தன் போனில் எடுத்தது. படம் கலங்கியிருந்தது. ஒரு மூலையில் தலைவரின் கட்டைவிரல் பாதியளவு இருந்தது.

"இது நீங்க செஞ்சதுதானே?"

"ஆமா சார். ஆனா இது கையில பிடிச்சு எடுத்த படம். செல்லாதே."

"அது சுவருக்கு" என்றார் தலைவர். "இவ்வளவு பெரிய கொடுமையைப் பார்த்தப்ப எனக்குக் கை நடுங்கிச்சு. நடுங்கலன்னா நான் மனுஷனா? இந்த நடுக்கமே சான்று."

மூன்று அதிகாரிகளும் தலையாட்டினார்கள். படக்காரர் விரிசலின் படத்தை எடுத்து வைத்தார். மூன்றாங்கால் அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா அந்த ட்ரைபாடுக்கு ஒப்புதல் கொடுத்தது நிறுவனரைத் தாங்கறதுக்கு. கேமராவைத் தாங்கும்னு நாங்க எங்கயும் சொல்லலையே."

"தாங்கிச்சு சார்."

"அது உங்க அனுபவம்."

அப்போதுதான் வெளியிலிருந்து ஒருவர் வந்து, மேட்டுக் குடியிருப்பில் சுவர் விழுந்துவிட்டது, அந்த வரிசையே மண்ணுக்குள் போய்விட்டது என்றார்.

தலைவர் எழுந்துவிட்டார். "ஆளுங்க?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல சார்" என்றார் படக்காரர். "நேத்தே கிளம்பிட்டாங்க."

தலைவர் மெல்ல உட்கார்ந்தார். அவர் முகத்தில் முதலில் நிம்மதி வந்தது. அது நெடுநேரம் நிலைக்கவில்லை. "உத்தரவு இல்லாமயா?" என்றார். "அப்ப தாங்களாவே கைவிட்டுட்டுப் போயிட்டாங்க. சுவர் விழுந்தது யாரும் இல்லாத வீட்டு மேல. அதுக்கு எதுக்கு வேற வீடு?" படக்காரரைப் பார்த்து, குரலைக் கனிவாக்கிக்கொண்டு சொன்னார்: "உங்க தண்டனையை அப்புறம் பார்ப்போம். படம் எடுக்க உங்களை விட்டா ஆள் இல்ல. போய், அந்த வீடுங்க காலியா இருந்ததுக்கு ஒரு சான்றுப் படம் எடுத்துட்டு வந்துடுங்க. பழைய ட்ரைபாடையே எடுத்துட்டுப் போங்க. இனி மண்ணு அள்ளறதுக்காக எப்படியும் அந்தப் படிச்சந்தை இடிச்சு வழி பண்ணுவாங்களே, தாராளமா போகும்."

கூடத்தில் நிறுவனர் மறுபடி சின்ன ட்ரைபாடின்மேல் ஏறியிருந்தார். இந்தத் தடவை திருகாணியோடு பூட்டும் போட்டிருந்தார்கள்.

வழி உண்டானதும் வண்டி நேராக மேட்டுக்குப் போனது. பழைய ட்ரைபாட் வண்டியில் கிடந்தது. படக்காரர் அதை இறக்கச் சொல்லவில்லை. வரிசையில் முன்சுவர்களின் மேல்விளிம்புகள் மட்டும் மண்ணுக்கு மேலே நின்றன. எதிர்ப்பக்கத்தில் குடும்பங்கள் மூட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தன. அத்தான் கட்டம்போட்ட துணியொன்றை மடியில் வைத்திருந்தார். யாரும் படக்காரரைத் திட்டவில்லை. அது அவருக்குத் தாங்கவில்லை.

அக்கா எழுந்து வந்தாள். "எங்களுக்கு வீடு இல்லையாமே."

"இல்லக்கா."

"கண்ணைச் சிமிட்டியிருந்தா இருந்திருக்குமா?"

"நீங்க இருந்திருக்க மாட்டீங்க."

அவள் தலையாட்டினாள். "இப்ப எதுக்கு வந்த?"

"வீடெல்லாம் காலியா இருந்துச்சுன்னு படம் எடுக்கச் சொன்னாங்க."

தடுப்புச் சுவரிலிருந்து உருண்டு வந்த பெரிய துண்டு ஒன்று தெரு நடுவே, மார்பு உயரத்துக்கு, மேலே தட்டையாகக் கிடந்தது. படக்காரர் அதைக் கையால் துடைத்தார். கேமராவை அதன்மேல் வைத்தார். லென்சின் மூக்கை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"கல்லு செல்லாதுன்னியே" என்றாள் அக்கா.

"இது அரசாங்கச் சுவர், துறையும் அரசாங்கத்தோடது. செல்லும்." கேமராவுக்குப் பின்னால் குனிந்தவர் நிமிர்ந்து, மூட்டைகளின் பக்கம் திரும்பினார். "எல்லாரும் எழுந்து அவங்கவங்க வீட்டுல போய் நில்லுங்க."

முதலில் யாருக்கும் புரியவில்லை. அத்தான்தான் முதலில் எழுந்தார். மண்மேட்டில் ஏறி, தன் வாசல் இருந்த இடத்தைக் காலால் தடவிக் கண்டுபிடித்து, அங்கே நின்றார். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். பக்கத்து வீட்டோடு எல்லை எங்கே என்று இருவர் கொஞ்சம் தகராறு செய்தார்கள். அக்கா அடுப்பு இருந்த இடத்துக்குப் போய், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அசையாதீங்க" என்றார் படக்காரர்.

யாரும் அசையவில்லை. அவர் கண்ணை வைத்துப் பார்த்தார். வரிசை நிறைய ஆட்கள், காலியாக ஒரு வீடும் இல்லை. எங்கும் நடுக்கம் இல்லை.